றமீஸ் எடுத்த படங்கள்

கல்முனை பஸாரில் பூட்டுப்பட்ட போனைத் திறப்பதற்கு றமீஸை விட்டால் ஆளில்லை. பூட்டு நம்பரை மறந்த பென்ஷன்கார வாத்தியார்மார், பிள்ளை கண்டபடி அழுத்திக் கெடுத்த தாய்மார், கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்த போனோடு முழிக்கிறவர்கள் என்று எல்லாரும் கடைசியில் அவனுடைய கடைப் படியில்தான் வந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன், தன் பெண்சாதி கமீலாவின் போனை நினைத்து எட்டு மாதமாக வயிறெரிந்துகொண்டிருந்தான்.

எரிச்சலுக்குக் காரணம் ஒரு டொக்டர். மருந்து கொடுக்கிற டொக்டர் அல்ல, கடலைப் பற்றிப் படித்த வெளிநாட்டு டொக்டர். கடலுக்கடியில் கேபிள் போடுவதற்கு ஆழம் அளக்கிற கம்பனி ஒன்று கல்முனையில் மாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்து ஒபீஸ் போட்டிருந்தது. கமீலா அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கப்பல் அளந்து அனுப்பும் கணக்குகளை ஒழுங்காக்கிக் கொழும்புக்கு அனுப்புவது அவளுடைய வேலை. அந்த வேலையால்தான் டொக்டரின் பழக்கம் வந்தது. இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. றமீஸுக்கோ எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுதான்.

ஒருநாள் பகல் அவள் முற்றத்தில் இருந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிடந்த போன் மின்னியது. 'டொக்டர்' என்று பெயர் விழுந்தது. கமீலா கையை அவசரமாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தபடி கிணற்றடிப் பக்கம் போய்விட்டாள்.

"ஆரு அது?" என்று திரும்பி வந்ததும் கேட்டான் றமீஸ்.

"ஒபீஸ் வேலதான். கப்பல் கணக்கில ஒரு சந்தேகமாம்."

"மீன அறுத்து முடிச்சிட்டுப் பாக்க ஏலாதா?"

"அவசரமாம். நீங்க ஏன் அதுக்கு மூஞ்சியத் தூக்கிற?"

அன்று சமைத்த மீன் ஆணத்தில் உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. பொறாமை ஒருவனுக்குள் புகுந்துகொண்டால் முதலில் நாக்கைத்தான் கெடுக்கும்.

இந்தக் கரையில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். வீட்டை வாப்பா மகளுடைய பெயரில் எழுதிக் கொடுத்துவிடுவார். றமீஸும் நாலு வருஷத்துக்கு முதல் நிந்தவூரிலிருந்து ஒரு பேக்கோடு வந்து இறங்கியவன்தான். அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. அவனுடைய வாப்பாவும் அப்படி வந்தவர்தான், மூத்தாப்பாவும் அப்படித்தான். ஆனால் டொக்டர் என்கிற பெயரைக் கண்ட நாளிலிருந்து எல்லாம் குத்த ஆரம்பித்தது. கதிரை அவளுடையது, கட்டில் அவளுடையது, மாமி சல்மா உம்மா ஊற்றித் தருகிற தேத்தண்ணிக் கோப்பைகூட அவளுடைய சீதனம். தனக்கென்று அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தான். அவள் ஒருத்திதான் இருந்தாள். அவளையும் யாரோ ஒருவன் கடல் தாண்டி நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் கழித்து அவளுடைய போன் கண்ணாடி வெடித்தது. "இஞ்சாருங்க, இத மாத்தித் தாங்களன்" என்று அவளே கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடி மாற்றிய பிறகு தொடுதிரை வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும், நம்பரைப் போட்டுத் திறந்து தா என்றான். அவள் ஒரு யோசனையும் இல்லாமல் திறந்து கையில் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் ஊசியும் நூலும் வாங்கப் போனாள்.

அவனுக்கு அரை நிமிஷம் போதுமாயிருந்தது. டொக்டரோடு அவள் எழுதிக்கொள்கிற செயலியை வேறொரு சாதனத்திலும் இணைத்துக்கொள்ளலாம். கடையில் கிடந்த அகலத்திரைப் பழைய டெப் ஒன்றை எடுத்து, அவளுடைய திரையில் தெரிந்த இணைப்புக் கட்டத்தை அதனால் படம் பிடித்தான். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளுக்கு வருவதும் அவள் அனுப்புவதும் அவனுடைய மேசை இழுப்பறைக்குள்ளும் வந்து விழுந்தன. எந்தப் பூட்டையும் அவன் உடைக்கவில்லை. நம்பிக் கொடுத்தவளின் கையிலிருந்து எடுத்துக்கொண்டான். அதில் அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்டவன்.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. டொக்டர் கெட்டிக்காரன். எழுதியது எல்லாம் ஒரு நாளில் தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தான். ஆகவே றமீஸ் மத்தியானம் லுஹருக்கு ஒரு தடவை, பின்னேரம் அஸருக்கு ஒரு தடவை இழுப்பறையைத் திறந்து, டெப்பின் திரையைத் தன் போனால் படம் எடுத்து வைத்துக்கொண்டான். தொழுகைக்குப் பிந்தினாலும் இதற்குப் பிந்தமாட்டான்.

படங்களில் என்ன இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் கணக்குத்தான். கோடும் இலக்கமும் நிறைந்த தாள்கள், கப்பல் எங்கே நின்றது, எத்தனை மீற்றர் ஆழம், இடையில் கடற்படைப் படகு எத்தனை மணிக்குக் குறுக்கே போனது என்கிற விபரங்கள். டொக்டர் கேட்பான், கமீலா அனுப்புவாள். ஏதோ ஆராய்ச்சிக் கட்டுரையில் அவளுடைய பெயரையும் போடுவதாக அவன் சொல்லியிருந்தான். வேறொருவன் என்றால் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். றமீஸ் அந்தத் தாள்களை எல்லாம் விரலால் தள்ளிவிட்டுக் காதலைத் தேடினான்.

காதலும் அகப்பட்டது, அதாவது அகப்பட்டது என்று அவன் நினைத்தான். வெள்ளிக்கிழமை தோறும் டொக்டர் ஒரு ரோசாப்பூப் படம் அனுப்பினான். பூவுக்கு மேலே தங்க எழுத்தில் 'ஜும்ஆ முபாரக்' என்று இருக்கும். இந்த ஊரில் வெள்ளிக்கிழமை விடிந்தால் அப்படி ஒரு பூ வராத போனே கிடையாது. றமீஸே அதே பூவை மீன் வியாபாரிக்கும், கடைச் சொந்தக்காரனுக்கும், கண்ணாலும் கண்டிராத மொத்த வியாபாரிகளுக்கும் அனுப்புகிறவன். ஆனாலும் அந்த ஆள் அனுப்பிய பூ அவனுடைய நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதற்குக் கமீலா ஒரு சிரிக்கும் முகம் பதில் போட்டிருந்தாள். தனக்கு அவள் அனுப்பியவற்றைத் திறந்து பார்த்தான். 'பாண் ரெண்டு.' 'பருப்பு முடிஞ்சி.' 'வரக்குள்ள மாமாட வீட்ட தட்டக் குடுத்துட்டு வாங்க.' சிரிக்கும் முகம் ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு அவன் சரியாகக் கதைப்பதை விட்டான். அவள் தலை வாரினால் பார்ப்பான், வாராவிட்டாலும் பார்ப்பான். புதுசாக ஒரு அபாயா தைத்தால் அது யாருக்காக என்று கணக்குப் போடுவான். ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழும்பினான். கமீலா அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்ன புடிச்சிருக்கி உங்களுக்கு?"

"ஒண்டுமில்ல."

"சோறும் தின்னுறல்ல, கதைக்கிறதும் இல்ல. மனசில என்ன இரிக்கெண்டு வாயத் தொறந்து கேளுங்களன். நான் செல்லுறன்."

அவன் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. ஆனால் கேட்கிறவனுக்குப் பதில் கிடைத்துவிடும். பொறாமைக்காரனுக்குப் பதில் வேண்டியதில்லை, படம்தான் வேண்டும்.

சனிக்கிழமை டெப்பில் நீளமான ஒரு செய்தி கிடந்தது, கமீலா அனுப்பியது. பூவும் இல்லை, சிரிக்கும் முகமும் இல்லை, இங்கிலீஷ் மட்டும் நெருக்கமாக நின்றது. அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார். றமீஸ் படத்தை எடுத்துக்கொண்டு இழுப்பறையை மூடினான். அதற்குப் பிறகு அவளும் எழுதவில்லை, டொக்டரும் எழுதவில்லை. வேறு வழியில் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று றமீஸ் முடிவுகட்டினான். முன்னே எரிந்ததைவிட இப்போது இரட்டிப்பாக எரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் கமீலாவை ஒபீஸில் வைத்துப் பொலிஸ் பிடித்தது. கொழும்பிலிருந்து இரண்டு வாகனத்தில் வந்திருந்தார்கள். கடலடி வரைபடங்களையும் கடற்படையின் நடமாட்டத்தையும் வெளிநாட்டுக்குக் கொடுத்தாளாம், உளவு வேலையாம். வீட்டுக்கும் வந்து அலுமாரி, மெத்தை, அரிசி டின் என்று ஒன்று விடாமல் கிளறிவிட்டு வெறுங்கையோடு போனார்கள். அவளுடைய போன் அவர்களிடம் இருந்தது. நம்பரைச் சொல்லமாட்டேன் என்று கமீலா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் சல்மா உம்மா சட்டத்தரணி ஒருவரைப் பிடித்துவிட்டாள். றமீஸுக்குப் போன் வந்தது.

"மருமகன், லோயர் செல்லுறார், போனத் திறக்க ஏலாட்டி அவங்கட கையில ஒண்டுமில்லையாம். மூணு நாளில புள்ளய விட்டுத்தான் ஆகணுமாம். ஆரு வந்து என்ன கேட்டாலும் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரிங்க. அல்லாஹ்க்காகச் செல்லுறன்."

"ஓம் மாமி," என்றான் றமீஸ். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னான்.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு ஒரு பெண் கடைக்கு வந்தாள். சாதாரணப் பருத்திச் சேலை, தோளில் தொங்கும் பை. தன் பெயர் சுலோஜனா, இன்ஸ்பெக்டர் என்றாள். பிறந்தது பக்கத்துப் பெரியநீலாவணை, வேலை கொழும்பில். ஸ்டூலில் இருந்துகொண்டு, கமீலாவின் போனைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதத் திறக்க ஏலுமா தம்பி? பஸாரில உங்களத்தான் சொல்லுறாங்க."

"இத ஒருத்தராலயும் ஏலா மிஸ். பத்துத் தரம் பிழையா அடிச்சா உள்ளுக்கிருக்கிற எல்லாம் அழிஞ்சிரும்."

"தெரியும்," என்றாள் அவள். "இருபது வருஷமா இந்த வேலை பாக்கிறன். நான் ஒரு பூட்டையும் உடைச்சதில்ல. ஒருத்தன் போனைத் திறந்து வச்சுக் கதைச்சுக்கொண்டிருக்கக்குள்ள பறிச்சம். இன்னொருத்தன் நம்பரைத் துண்டில எழுதி பேர்சுக்குள்ள வச்சிருந்தான். ஒருத்தனை அவன்ட சொந்தத் தம்பியே காட்டித் தந்தான், காணிச் சண்டையில. பூட்டுக்குப் பக்கத்தில எப்பவும் ஒரு மனுசன் நிப்பான் தம்பி."

றமீஸ் திருகாணி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கொழும்பு ஆக்கள் வீட்டைத் தேடினாங்க. நான் வேணாமெண்டன். அது அவட வீடு. இந்தப் பக்கத்து ஆம்புளைகள் தங்கட சாமானை மனுசிட வீட்டில வைக்கமாட்டாங்க, எனக்குத் தெரியும்தானே. உங்களுக்கெண்டு இருக்கிறது இந்தக் கடைதான்."

அவனுடைய கண் தன்னையறியாமல் இழுப்பறைப் பக்கம் போய் வந்தது. சுலோஜனா அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கோப்பி வாங்கித் தருவீங்களா என்று கேட்டாள். குடித்து முடித்த பிறகுதான் மெல்லக் கேட்டாள்.

"அந்த ஆளைப் பத்தி அவ உங்களோட கதைச்சிருக்கிறாவா?"

"எந்த ஆள்?"

"டொக்டரெண்டு சொல்லுறவன். திருகோணமலையில ஒரு பொம்புளை, காலியில ஒரு பொம்புளை, இஞ்ச உங்கட மனுசி. பூ அனுப்புவானாம். அன்பாக் கதைப்பானாம். மத்த ரெண்டு பேரும் அழுதுகொண்டு எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. உங்கட மனுசி மட்டும்தான் வாயத் திறக்கிறா இல்ல. அவனைக் காப்பாத்திறா எண்டுதான் எனக்குத் தெரியுது."

அந்தக் கடைசி வசனம் அளந்து போட்டது. திருகோணமலையும் காலியும் அவள் அந்த ஸ்டூலில் இருந்தபடியே உண்டாக்கியவை என்பது றமீஸுக்கு எப்படித் தெரியும்? பூவைப் பற்றிச் சொன்னது வெறும் ஊகம். இப்படிப்பட்டவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு பூ அனுப்பத்தான் செய்வார்கள். ஆனால் அவனுக்குள் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் ஒன்றாக எழும்பி நின்றன. மூன்று நாள் வாய் மூடியிருந்தால் மனுசி வீட்டுக்கு வந்துவிடுவாள், அது அவனுக்கு நன்றாக விளங்கியது. வந்து என்ன? டொக்டரைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தோடு வந்து, அதே கிணற்றடிக்குப் போவாள். மாமிக்குக் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் கழன்று விழுந்தது.

"அவனப் புடிப்பீங்களா மிஸ்?"

"நீங்க உதவி செஞ்சா."

றமீஸ் இழுப்பறையைத் திறந்தான். டெப்பையும் கொடுத்தான், தன் போனையும் கொடுத்தான். இருநூற்றுப் பதினாலு படங்கள், ஏழு மாதத்துச் செய்திகள். கமீலாவின் போனில் அழிந்துபோனவை, டொக்டரின் போனிலும் அழிந்துபோனவை. இந்த உலகத்தில் வேறு எங்குமே இல்லாதவை. அனுப்பியவனும் பெற்றவளும் அழித்ததை ஒரு பொறாமைக்காரன் தேதி வாரியாகக் காத்து வைத்திருந்தான். சுலோஜனா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, இரண்டையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பின்னேரம் மூன்று மணிக்கு அவனைப் பொலிஸுக்கு அழைத்துப்போய் ஒரு அறையில் இருத்தினார்கள். படங்கள் எல்லாவற்றையும் தாளில் அச்சடித்து அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'இது நான் எடுத்த படம்' என்று எழுதி ஒப்பம் வைக்கவேண்டும். றமீஸ் வைத்தான். முதல் ரோசாப்பூ வந்தபோது பேனையை அழுத்திய அழுத்தில் தாள் கிழியப் பார்த்தது. இரண்டாவது பூ, மூன்றாவது பூ. டொக்டரின் கழுத்தையே நெரிப்பதாக நினைத்துக்கொண்டு ஒப்பம் வைத்தான். கடைசித் தாளில், அந்த நீள இங்கிலீஷுக்கு அடியிலும், நிமிர்ந்து பாராமல் வைத்து முடித்தான்.

சுலோஜனா அந்தத் தாளை எடுத்து வாசித்தாள். பிறகு இன்னொரு தரம் வாசித்தாள்.

"இத நீங்க வாசிச்சீங்களா தம்பி?"

"இல்ல மிஸ். அதுல பூ இல்ல."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் இரக்கமும் இருந்தது, வேலை முடிந்த நிம்மதியும் இருந்தது. தமிழில் சொன்னாள். 'டொக்டர், இதுதான் கடைசி. நீங்கள் கேட்பது படிப்புக்கு அல்ல என்று எனக்கு இப்போது தெரியும். தெரிந்த பிறகும் இரண்டு தரம் அனுப்பினேன், அது என்னுடைய பிழை. இனி இல்லை. என் கணவர் கொஞ்ச நாளாக என்னோடு கதைப்பதில்லை. அவர் சாப்பிடாமல் எழும்பிப் போனால் எனக்கும் சோறு இறங்குவதில்லை. அவரைப் போல ஒரு நல்ல மனிதர் எனக்குக் கிடைத்ததே பெரிது. உங்களுடைய கட்டுரைக்காக அவரை நான் இழக்கமாட்டேன். இனி எழுதவேண்டாம்.'

றமீஸ் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கப் பார்த்தான்.

"அப்ப அவவ விட்டுருவீங்கதானே மிஸ்? அவதான் வேணாமெண்டு செல்லிட்டாவே."

"இந்தத் தாள் இல்லாட்டி, படிப்புக்கெண்டு நினைச்சு அனுப்பினன் எண்டு சொல்லியிருப்பா. நாங்க ஒண்டும் செய்திருக்க ஏலாது," என்றாள் சுலோஜனா. "தெரிஞ்சுதான் அனுப்பினன் எண்டு அவவே எழுதியிருக்கிறா. இது ஒண்டுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது."

"என்ட ஒப்பத்த வெட்டிருங்க மிஸ். நான் வாசிக்காமப் போட்டது."

"அந்த ஒப்பம் கோட்டு வழக்குக்கில்ல தம்பி. அவக்குக் காட்டத்தான். டொக்டரைப் பிடிக்க அவட போன் திறக்கணும்."

தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் கமீலா இருந்த அடுத்த அறைக்குப் போனாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஒரு சத்தமும் கேட்கவில்லை. சத்தம் போட்டு அழுதால்கூடப் பரவாயில்லை என்று றமீஸுக்கு இருந்தது. சட்டைப் பையைத் தடவினான், போன் அவர்களிடம் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இனி மாமியின் முகத்தில் எப்படி முழிப்பது, இன்று எந்த வீட்டுக்குப் போவது என்று ஒன்றும் ஓடவில்லை. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சுலோஜனா வெளியே வந்தாள், கையில் கமீலாவின் போன். திரை வெளிச்சமாக இருந்தது.

"நம்பரைத் தந்திட்டா," என்றாள்.

"ஏதும் செல்லினாவா?"

"இல்ல. முதல்ல தாளைத் தள்ளிவிட்டா. மறுகா உங்கட ஒப்பத்தக் கண்டா. ஒவ்வொரு தாளாப் புரட்டி, எல்லாத்திலயும் இருக்கா எண்டு பாத்தா. பாத்து முடிச்சிட்டு நம்பரைச் சொன்னா. வேற ஒண்டும் கதைக்கேல்ல."

றமீஸ் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணீர் வந்தது, அதை அவன் மறைக்கவில்லை. நல்ல மனிதர் என்று அவள் எழுதியிருந்தாள். நாலு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அதை அவனுடைய முகத்துக்கு நேரே சொன்னதில்லை, அந்த டொக்டருக்குத்தான் சொல்லியிருந்தாள். எல்லாம் முடிந்துபோன அந்தக் கதிரையில் இருந்துகொண்டும் அவனுக்கு அது பொறுக்கவில்லை.